சர் ஜேம்ஸ் டக்ளஸ்: தந்தையின் நிலமும் மன்னரின் இதயமும்

ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் டக்ளஸை ஓரிடத்தில் ‘நல்ல சர் ஜேம்ஸ்’ என்றும் இன்னோரிடத்தில் ‘கறுப்பு டக்ளஸ்’ என்றும் எழுதியிருக்கிறார்களே, இரண்டும் ஒருவர்தானா. மன்னர் ராபர்ட் புரூஸின் இதயத்தை எதிரிப் படைக்குள் வீசியெறிந்துவிட்டுப் பின்னால் பாய்ந்தார் என்பது உண்மையா. ஆர்ச்சிபால்ட் டக்ளஸ் என்பவர் அவருக்குத் தம்பியா, மகனா, பேரனா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இவரைப் பற்றிச் சொல்லப்படுவதில் எதை நம்பலாம், எதைக் கதையென்று ஒதுக்கலாம் என்பதே உங்கள் ஐயம். இருபது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் இடைக்கால ஐரோப்பிய வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். மூல ஏடுகளை ஆவணக்காப்பகத்தில் புரட்டிப் பார்த்த ஆய்வாளன் அல்லன். அச்சான பதிப்புகளையும் மொழிபெயர்ப்புகளையும் வைத்துக்கொண்டு மாணவர்களோடு வரிவரியாகப் படித்தவன். அந்த எல்லைக்குள் நின்றே பேசுகிறேன்.

முதலில் சான்றுகளைப் பற்றி. ஜேம்ஸ் டக்ளஸைப் பற்றி நமக்குத் தெரிந்த சுவையான செய்திகளில் பெரும்பாலானவை ஜான் பார்பர் என்ற அபர்டீன் நகரத் துணைத்தலைமைக் குரு, பழைய ஸ்காட் மொழியில் 1375-ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய நெடுங்கவிதையிலிருந்து வருகின்றன. அதாவது டக்ளஸ் இறந்து நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்டது. பார்பர் பொய்யர் அல்லர். பல இடங்களில் ஆங்கில அரசின் கணக்கேடுகள் அவர் சொல்வதற்குத் துணை நிற்கின்றன. ஆனால் அவர் அரசவையின் ஆதரவைப் பெற்ற கவிஞர். வீரனைப் பாட வந்தவர். உரையாடல்களை அவரே அமைத்தார். இவரைத் தவிர இரண்டு படைவீரர்களின் எழுத்து நமக்குக் கிடைக்கிறது. ஒருவர் சர் தாமஸ் கிரே என்ற ஆங்கிலேயர். இவருடைய தந்தை, புரூஸ் ஆங்கிலேயரை வென்ற 1314 பானக்பர்ன் போரில் ஸ்காட்லாந்தவரிடம் சிறைப்பட்டவர். மற்றவர் ஷான் லெ பெல். 1327-இல் இங்கிலாந்து மன்னரின் பக்கம் நின்று டக்ளஸின் தாக்குதலுக்கு உள்ளான பாசறையிலேயே இருந்தவர். எந்தச் செய்தி யாரிடமிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே படித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஜேம்ஸ் பிறந்தது 1286 வாக்கில். இது ஊகக் கணக்குதான். ஊர் லானர்க்ஷயர் பகுதியின் டக்ளஸ் பள்ளத்தாக்கு; அங்கே ஓடும் ஆற்றின் பெயரே குடும்பத்தின் பெயரும் ஆயிற்று. தாய் எலிசபெத் ஸ்டூவர்ட், அரசின் பரம்பரைப் பெருங்காரியக்காரர் குடும்பத்துப் பெண் என்று பொதுவாக ஏற்கிறார்கள். தாய்மாமன் பெயர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்; மருமகனுக்கு ஜேம்ஸ் என்று பெயர் வந்ததும் அந்த வழியில்தான் என்று தோன்றுகிறது. தந்தை வில்லியம் டக்ளஸைப் பற்றி ஐயத்துக்கு இடமில்லாத ஆவணங்கள் உண்டு; அவற்றில் பல குற்றப் பதிவுகள் என்பதுதான் வேடிக்கை. முதல் மனைவி இறந்த பிறகு, 1288-89 குளிர்காலத்தில், கணவரின் சொத்தில் தன் பங்கைப் பெறுவதற்காக ஸ்காட்லாந்து வந்திருந்த எலினோர் என்ற ஆங்கிலேய விதவையை அவர் வலுவில் தூக்கிக்கொண்டு போய்த் திருமணம் செய்துகொண்டார். அப்பெண்ணின் மறுமணத்துக்கு இசைவளிக்கும் உரிமை இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டுக்கு இருந்தது. அவர் வில்லியமுக்கு நூறு பவுண்டு தண்டம் விதித்தார். எலினோர் வழியாகப் பிறந்தவர்கள் ஹ்யூ, ஆர்ச்சிபால்ட் என்ற இரு பிள்ளைகள். இந்த ஆர்ச்சிபால்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மூன்றாவது கேள்வியின் முடிச்சு இங்கேதான் விழுகிறது.

1296 மார்ச்சில் ஸ்காட்லாந்தை அடக்கப் படையெடுத்து வந்த எட்வர்ட் அதன் எல்லையோரத்துப் பெரிக் துறைமுக நகரைச் சூறையாடியபோது, அந்த ஊர்க் கோட்டைக்குப் பொறுப்பாக இருந்தவர் வில்லியம் டக்ளஸ்தான். கோட்டையை ஒப்படைத்தார், விசுவாசப் பிரமாணம் செய்தார், அடுத்த ஆண்டே ஆங்கில ஆட்சிக்கு எதிரான வில்லியம் வாலஸின் கிளர்ச்சியில் சேர்ந்தார், மீண்டும் பிடிபட்டார். முதலில் பெரிக்கிலும் பிறகு லண்டன் கோபுரத்திலும் சிறைவைக்கப்பட்டு, 1299 தொடங்கும் முன்போ தொடங்கிய உடனேயோ அங்கேயே இறந்தார். நிலங்கள் பறிமுதலாயின, டக்ளஸ் பள்ளத்தாக்கு ராபர்ட் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலப் பிரபுவுக்குப் போயிற்று. பதின்மூன்று வயதுப் பையனுக்கு அப்பாவும் இல்லை, மண்ணும் இல்லை. ஜேம்ஸ் இளமையில் பாரிஸில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பி, செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆயர் வில்லியம் லாம்பர்ட்டனின் வீட்டில் ஊழியம் செய்தார் என்கிறார் பார்பர். 1304-இல் ஸ்டெர்லிங் கோட்டையை எட்வர்ட் முற்றுகையிட்டிருந்தபோது ஆயர் இந்த இளைஞனை மன்னர் முன் நிறுத்தி, தந்தையின் நிலத்தைத் திருப்பித் தருமாறு வேண்டினாராம். அவன் அப்பன் எனக்குத் துரோகி, என் சிறையில் செத்தவன், அவன் நிலத்தை வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று என்று மன்னர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். இந்தக் காட்சிக்குப் பார்பர் ஒருவரே சாட்சி. ஆனால் நிலம் போனது உறுதி, கிளிஃபர்ட் அதை வைத்திருந்தது உறுதி. அடுத்த இருபத்தாறு ஆண்டுகளில் ஜேம்ஸ் செய்த பெரும்பாலான காரியங்களை, இழந்த நிலத்தை மீட்கப் புறப்பட்ட மகனின் காரியங்களாகப் படித்தால்தான் பொருள் விளங்குகிறது. தேசப்பற்று என்ற பிற்காலச் சொல்லை மட்டும் வைத்துப் பார்த்தால் பல செயல்கள் புரியாமல் போகும் என்பது என் கருத்து.

1306 பிப்ரவரி 10-இல் ராபர்ட் புரூஸ் அரியணைக்குத் தன் போட்டியாளரான ஜான் காமினை டம்ஃப்ரீஸ் மடத்து ஆலயத்தில் குத்திக் கொன்றார். மார்ச் 25-இல் ஸ்கோன் நகரில் முடிசூடிக்கொண்டார். முடிசூட்டுக்குப் போகும் வழியில் ஜேம்ஸ் அவரை எதிர்கொண்டு சேர்ந்தார். பார்பர் இதை அழகாகச் சொல்வார்: ஆயர் வெளிப்படையாக அனுமதி தர முடியாது, ஆகவே, என் குதிரையை நீயே திருடிக்கொண்டு போவதுபோலப் போ, குதிரைக்காரன் தடுத்தால் அவனை அடித்துவிட்டாவது போ என்று சொல்லிக் கொடுத்தாராம். ஜேம்ஸும் அப்படியே அந்த ஆளைத் தரையில் சாய்த்துவிட்டுக் குதிரையேறினாராம். அடி வாங்கிய குதிரைக்காரனுக்கு இந்த ஏற்பாடு தெரிந்திருந்ததா என்பதைப் பார்பர் சொல்லவில்லை. முடிசூடிய மூன்று மாதத்துக்குள் மெத்வென் என்ற இடத்தில் புரூஸின் படை சிதறியது. மன்னரும் சிலநூறு பேரும் மலைகளுக்குள் ஓடினார்கள். லோமண்ட் ஏரிக்கரையில் வழியடைபட்டு நின்றபோது, நீருக்குள் அமிழ்ந்து கிடந்த ஒரு சிறு படகைத் தேடிக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ். ஒரு தடவைக்கு மூன்று பேர்தான் ஏற முடியும். எல்லோரும் அக்கரை சேர ஓர் இரவும் ஒரு பகலும் ஆயின என்பது கவிதை.

இனி, ‘கறுப்பு’ என்ற அடைமொழிக்குக் காரணமாகப் பலரும் காட்டும் நிகழ்ச்சி. பார்பரின் கூற்றுப்படி 1307-ஆம் ஆண்டுக் குருத்து ஞாயிறன்று ஜேம்ஸ் தன் சொந்த ஊருக்கு வேற்றாள்போல வந்து, தந்தையின் பழைய ஊழியர் தாமஸ் டிக்ஸன் வீட்டில் ஒளிந்துகொண்டார். கோட்டையில் இருந்த ஆங்கிலப் படையினர் குருத்தோலை வாங்குவதற்காக புனித பிரிஜித் ஆலயத்துக்கு வந்தார்கள். பிரார்த்தனை நடக்கும்போதே ‘டக்ளஸ், டக்ளஸ்’ என்ற கூச்சல் எழுந்தது. பிறகு கோட்டைக்குள் போனால் அங்கே சமையற்காரரும் வாயிற்காவலரும் மட்டுமே; மேசையில் உணவு தயாராக இருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்து, எடுத்துப் போகக்கூடியதை எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த மாவு, கோதுமை, மால்ட் என்ற முளைகட்டிய தானியம் அத்தனையையும் நிலவறையில் கொட்டி, மதுப் பீப்பாய்களை உடைத்து அதன்மேல் ஊற்றி, சிறைப்பிடித்தவர்களை அந்தக் குவியலின் மேலேயே தலைவெட்டினார்கள். கிணற்றில் உப்பையும் செத்த குதிரைகளையும் போட்டுவிட்டுக் கோட்டைக்குத் தீ வைத்தார்கள். இதற்கு அந்தப் பக்கத்து மக்கள் ‘டக்ளஸின் உணவுக்கிடங்கு’ என்று பெயர் வைத்தார்கள். ஆண்டு 1307-தானா 1308-ஆ என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை, விவரங்கள் பார்பருடையவை. ஆனால் தன் சொந்தக் கோட்டையைத் தானே கொளுத்துவது என்ற தந்திரம் புனைவில்லை. காவல் வைக்க ஆளில்லாதவன் கோட்டையைப் பிடித்து வைத்திருந்தால் எதிரி திரும்ப வந்து அதிலேயே குடியேறுவான். இடித்துவிட்டால் அவன் வர இடமில்லை. புரூஸ் பிடித்த கோட்டைகளை வரிசையாக இடித்துத் தள்ளியதும் இந்தக் கணக்கில்தான்.

ராக்ஸ்பர்க் கோட்டை அப்படி விழுந்தவற்றில் ஒன்று. 1314 பிப்ரவரியில், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்திய இரவு. கோட்டைக்குள் ஆட்டமும் பாட்டும். சைமன் என்ற கைத்திறன்காரர் சணல் கயிற்றில் மரப்படிகள் கட்டி நூலேணிகள் செய்து கொடுத்திருந்தார். நுனியில் கனத்த சதுர இரும்புக் கொக்கி, ஈட்டி முனையால் தூக்கி மதிலில் மாட்டுவதற்கு. வீரர்கள் கவசத்தின் மேல் கறுப்பு மேலங்கி போர்த்திக்கொண்டு, நாலு காலில் தவழ்ந்து ஒருவர்பின் ஒருவராகப் போனார்கள். மதில்மேல் இருந்த காவலன் பக்கத்தில் நின்றவனிடம், அந்தக் குடியானவன் இன்றைக்கு விருந்தில் மூழ்கிவிட்டான் போலிருக்கிறது, மாடுகளை வெளியிலேயே விட்டுவிட்டான் என்றானாம். டக்ளஸ் ஓட்டிக்கொண்டு போனால் நாளைக்கு அழுவான் என்றானாம் மற்றவன். கோட்டை அந்த இரவில் விழுந்தது எல்லாத் தரப்பு ஏடுகளிலும் பதிவான செய்தி. மாட்டுப் பேச்சு பார்பரின் கைவண்ணமாக இருக்கலாம். இருந்தாலும் மாணவர்களுக்கு இந்தப் பகுதியைப் படித்துக் காட்டும்போதெல்லாம் வகுப்பு அமைதியாகிவிடும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதே ஆண்டு ஜூன் 23, 24 நாள்களில் நடந்த பானக்பர்ன் போரில் அவருக்கு என்ன பங்கு என்பதில் சற்று எச்சரிக்கை தேவை. ஸ்காட்லாந்துப் படை நான்கு அணிகளாக நின்றது என்றும், அவற்றில் ஒன்றை இளைஞர் வால்டர் ஸ்டூவர்ட்டும் டக்ளஸும் நடத்தினார்கள் என்றும் பார்பர் சொல்கிறார். மற்ற ஏடுகள் மூன்று அணிகளையே பேசுகின்றன. பார்பர் பாடிய காலத்தில் அரியணையில் இருந்த இரண்டாம் ராபர்ட், இந்த வால்டரின் மகன். மன்னரின் தந்தைக்கு ஓர் அணியைக் கொடுக்கக் கவிஞருக்குக் காரணம் இருந்தது என்று பலரும் கருதுகிறார்கள். நானும் அந்தப் பக்கமே சாய்கிறேன். போர் முடிந்து இங்கிலாந்தின் இரண்டாம் எட்வர்ட் தப்பியோடியபோது அறுபது குதிரைவீரர்களோடு டன்பர் வரைக்கும் துரத்திக்கொண்டு போனவர் டக்ளஸ். சிறுநீர் கழிக்கக்கூட ஒருவரும் நிற்க முடியாதபடி நெருக்கினார் என்று குருவான பார்பர் கூச்சமில்லாமல் எழுதுகிறார். ராபர்ட் கிளிஃபர்ட் அந்தப் போரில் இறந்தார். டக்ளஸ் பள்ளத்தாக்கைப் பெற்றிருந்த அதே கிளிஃபர்ட்தான்.

அதன் பிறகு பதின்மூன்று ஆண்டுகள் எல்லைப்புறத் தாக்குதல்கள். மன்னரின் மருமகன் தாமஸ் ராண்டால்ஃபும் டக்ளஸும் சேர்ந்து வட இங்கிலாந்துக்குள் ஆண்டுக்காண்டு புகுந்தார்கள்: 1318-இல் பெரிக் நகரம் கைக்கு வந்தது, 1319-இல் யார்க்ஷயரின் மைட்டன் என்ற ஊரில் ஆயர்களும் குருக்களும் திரட்டிவந்த படையைச் சிதறடித்தார்கள், 1322-இல் பைலண்ட் அருகே மன்னரையே மீண்டும் ஓடவிட்டார்கள். இவற்றைப் போர்கள் என்று மட்டும் பார்க்கக் கூடாது. ஊரைக் கொளுத்தாமல் இருக்கப் பணம் வாங்குவதும் ஆடுமாடுகளை ஓட்டிச் செல்வதும்தான் அன்றாட வேலை. நார்தம்பர்லாந்துக் குடியானவனின் பக்கமிருந்து பார்த்தால் ‘கறுப்பு’ என்பது மிதமான சொல்தான். இந்தக் காலத்தில் எனக்கு மிக உறுதியாகத் தோன்றும் நிகழ்ச்சி 1327 ஆகஸ்டில் வியர்டேல் பள்ளத்தாக்கில் நடந்தது, ஏனென்றால் லெ பெல் அங்கே இருந்தார். ஸ்காட்லாந்து வீரர்கள் வண்டிகளோ பாத்திரங்களோ கொண்டுவரவில்லை, சேணத்துக்குப் பின்னால் ஒரு பை ஓட்ஸ் மாவும், நம் தோசைக்கல்லைப் போன்ற ஒரு தட்டும் வைத்துக்கொண்டு, அதில் மெல்லிய அப்பம் சுட்டுத் தின்றே நாள்களை ஓட்டினார்கள் என்று வியக்கிறார் அவர். ஓர் இரவில் டக்ளஸ் இருநூறு பேரோடு ஆற்றைக் கடந்து ஆங்கிலப் பாசறைக்குள் குதிரையோட்டி வந்து, பதினான்கு வயது மன்னர் மூன்றாம் எட்வர்டின் கூடாரம் வரை போய், இரண்டு மூன்று கயிறுகளை அறுத்துவிட்டுத் திரும்பினார். அடுத்த ஆண்டு கையெழுத்தான உடன்படிக்கையில் இங்கிலாந்து புரூஸை மன்னராக ஏற்றது.

நிலம் என்றேன். அதற்கு மிகச் சிறந்த சான்று 1324 நவம்பர் 8-இல் பெரிக்கில் எழுதப்பட்ட பட்டயம். பைலண்டில் டக்ளஸ் பிடித்திருந்த மூன்று பிரெஞ்சு வீரர்களை, பிரான்ஸ் மன்னரின் நட்பை நாடி, புரூஸ் விடுவித்துவிட்டார்; அதனால் டக்ளஸுக்கு வரவேண்டிய மீட்புப் பணம் 4,400 மெர்க் (அக்காலப் பணக் கணக்கு) போயிற்று. அதற்கு ஈடாக, அவருடைய நிலங்களில் பெரும்பாலான குற்றங்களை விசாரிக்கும் உரிமையையும், நாட்டுக்காவலைத் தவிர மற்ற அரசக் கடமைகளிலிருந்து விலக்கையும் மன்னர் கொடுத்தார்; உரிமை மாறியதற்கு அடையாளமாகத் தம் கையாலேயே டக்ளஸின் விரலில் ஒரு மரகத மோதிரத்தை அணிவித்தார். ‘மரகதப் பட்டயம்’ என்று இன்றும் சொல்கிறார்கள். வீரத்தைப் பாராட்டித் தந்த பரிசாக இதைச் சிலர் எழுதுகிறார்கள். பட்டயமே கடன் கணக்கைச் சொல்லித்தான் தொடங்குகிறது. 1329 மே மாதம் மூன்றாம் எட்வர்டும், தந்தை வில்லியம் இங்கிலாந்தில் வைத்திருந்து இழந்த நிலங்களை ஜேம்ஸுக்குத் திருப்பித் தந்தார். பாட்டனார் மறுத்ததைப் பேரன் கொடுத்தார்.

அதே ஆண்டு ஜூன் 7-இல் கார்ட்ராஸில் புரூஸ் இறந்தார். சிலுவைப் போருக்குப் போவதாக நேர்ந்துகொண்டு போக முடியாமல் போனதால், தம் இதயத்தை எடுத்து இறைவனின் பகைவர்களுக்கு எதிரே கொண்டு செல்லும்படி டக்ளஸிடம் ஒப்படைத்தார். இது கவிதைச் செய்தி மட்டுமல்ல. 1329 செப்டம்பர் 1-இல் எட்வர்ட் வழங்கிய பாதுகாப்புக் கடிதம், டக்ளஸ் புரூஸின் இதயத்தோடு புனித நாட்டுக்குப் புறப்படுவதாகக் குறிப்பிடுகிறது. இறந்தவர் உடலைக் கூறுபோடுவதை 1299-லேயே போப் எட்டாம் போனிஃபாஸ் தடைசெய்திருந்தார். ஆகவே இதயத்தை எடுத்தவர்களுக்கு மன்னிப்பு வேண்டியிருந்தது. 1331-இல் போப் இருபத்திரண்டாம் ஜான் அந்த மன்னிப்பை அளித்த கடிதத்தில், டக்ளஸ் அந்த இதயத்தை ஸ்பெயினில் முஸ்லிம் படைகளுக்கு எதிரான போருக்குக் கொண்டு சென்ற செய்தி இடம்பெற்றிருக்கிறது. எனவே இதயம் எடுத்துச் செல்லப்பட்டது உறுதி. 1818-இல் டன்ஃபர்ம்லினில் புரூஸின் கல்லறை என்று கண்டறியப்பட்டதைத் திறந்தபோது மார்பெலும்பு அறுக்கப்பட்டிருந்ததும் இதற்கு ஒத்துவருகிறது.

1330 தொடக்கத்தில் கப்பலேறிய டக்ளஸ் ஃப்ளாண்டர்ஸ் கரையில் ஸ்லைஸ் துறைமுகத்தில் பன்னிரண்டு நாள் தங்கி, மன்னர் உயிரோடு கூட இருப்பதுபோலவே பொன் வெள்ளிப் பாத்திரங்களில் விருந்தளித்தார் என்பது லெ பெல் தரும் செய்தி. பிறகு செவில். அங்கே காஸ்டீல் மன்னர் பதினோராம் அல்ஃபோன்ஸோ கிரனாடா அரசுக்கு எதிராகப் படை திரட்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வடுவேறிய வெளிநாட்டு வீரர் ஒருவர் டக்ளஸின் வடுவில்லாத முகத்தைப் பார்த்து வியந்தபோது, என் தலையைக் காக்க எனக்கு எப்போதும் கைகள் இருந்தன, கடவுளுக்கு நன்றி என்று பதில் வந்ததாம். தெபா கோட்டை முற்றுகையின்போது, 1330 ஆகஸ்ட் 25-இல் அவர் கொல்லப்பட்டார். எப்படி என்பதில் ஏடுகள் வேறுபடுகின்றன. ஓடும் எதிரியை வெகுதூரம் துரத்திப் போய்த் திரும்புகையில், தன்னோடு வந்த வில்லியம் சின்கிளேர் சூழப்பட்டிருப்பதைக் கண்டு சிலரோடு மட்டும் மீட்கப் பாய்ந்தார் என்கிறார் பார்பர். காஸ்டீல் படையும் பின்னால் வருகிறது என்று தவறாக எண்ணித் தனியே பாய்ந்துவிட்டார் என்கிறார் லெ பெல். காஸ்டீல் வரலாற்றேடு பெயர் சொல்லாமல் ஒரு வெளிநாட்டுப் பிரபு தன் தவறால் இறந்ததைக் குறிப்பிடுகிறது. அது டக்ளஸ்தான் என்று பலர் கொள்கிறார்கள். மூன்றுக்கும் பொதுவாக எஞ்சுவது இது: துணையின்றி மிக முன்னே போய்விட்டார்.

அப்படியானால் வீசியெறிந்த கதை? பார்பரின் பழைய கைப்பிரதிகளில் அது இல்லை. வெள்ளிப் பேழையில் இதயத்தை வைத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார் என்பதும், போருக்குப் பின் உடலும் பேழையும் சேர்த்தே மீட்கப்பட்டன என்பதும்தான் அவர் சொல்வது. வீசுவது முதலில் பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில், அப்போதைய டக்ளஸ் குடும்பத்தின் ஆதரவில் எழுந்த ஒரு கவிதையில் தோன்றுகிறது. அதில் நிகழ்ச்சி நடப்பதே புனித நாட்டில். பின்னர் அச்சான பார்பர் பதிப்புகளில் சில வரிகள் நுழைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வால்டர் ஸ்காட் உலகமெங்கும் பரப்பினார். ஆகவே என் பதில்: எடுத்துச் சென்றது உண்மை, எறிந்தது ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து வந்த ஒப்பனை. வெயில் கொளுத்தும் ஆண்டலூசியாவிலிருந்து உடலைக் கொண்டுவர முடியாது. சதையை அங்கேயே அடக்கம் செய்து எலும்புகளை மட்டும் கொண்டுவந்து டக்ளஸ் ஊரின் புனித பிரிஜித் ஆலயத்தில் வைத்தார்கள். கை ஒடிந்திருந்ததால் போருக்குப் போக முடியாத வில்லியம் கீத் உயிரோடு திரும்பியவர்களில் ஒருவர். மன்னரின் இதயம் மெல்ரோஸ் மடத்தில் புதைக்கப்பட்டது. 1921-இல் அங்கே தோண்டி எடுக்கப்பட்ட ஈயப் பேழையை 1996-இல் மீண்டும் ஆராய்ந்து, 1998-இல் திரும்பப் புதைத்தார்கள். அதற்குள் ஒரு மனித இதயம் இருந்தது; அது புரூஸுடையது என்று மெய்ப்பிக்க வழியில்லை.

அடைமொழிகளைப் பொறுத்தவரை இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன. சற்று வெளுத்த சாம்பல் நிற முகம், கறுத்த தலைமயிர், அகன்ற தோள், பேச்சில் லேசான மழலைத் தெற்றல் என்று பார்பர் வருணிக்கிறார். அவரை நேரில் கண்டவர்கள் சொல்லிக் கேட்டதாகவே சொல்கிறார். அந்தத் தெற்றலை நான் நம்புகிறேன், ஏனென்றால் புகழ்பாட வந்தவர் கற்பனையாகச் சேர்க்கக்கூடிய குணமில்லை அது. முடியின் கறுப்பிலிருந்து தொடங்கிய பெயர் எல்லைக்குத் தெற்கே அச்சத்தின் பெயராயிற்று. வடக்கே அவர் ‘நல்ல’வரானார். பிற்பாடு குடும்பம் இரண்டாகப் பிரிந்தபோது மூத்த கிளைக்குக் ‘கறுப்பு டக்ளஸ்’ என்றும் ஆங்கஸ் கிளைக்குச் ‘சிவப்பு டக்ளஸ்’ என்றும் பெயர் வந்ததால், தனிமனிதரின் பட்டப்பெயரும் கிளையின் பெயரும் கலந்துபோயின.

இனி ஆர்ச்சிபால்ட். பாட்டன் பெயரைச் சுமப்பவன் பேரன் என்கிற வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. இந்தக் குடும்பத்தில் வில்லியம், ஜேம்ஸ், ஆர்ச்சிபால்ட் என்ற மூன்று பெயர்கள் இருநூறு ஆண்டுகள் சுற்றிச்சுற்றி வருகின்றன. ஜேம்ஸின் மனைவி யார் என்று எந்த ஆவணமும் பெயர் சொல்லவில்லை; மணம் நடந்ததற்கான பதிவும் இல்லை. ஆனால் வாரிசாக வில்லியம் என்ற மகன் இருந்தார். 1333 ஜூலை 19-இல் ஹாலிடன் குன்றுப் போரில் ஸ்காட்லாந்துப் படையை நடத்தியவர், சிறுவரான மன்னர் இரண்டாம் டேவிடுக்காக நாட்டைப் பொறுப்பேற்றிருந்த ஆர்ச்சிபால்ட் டக்ளஸ். இவர் ஜேம்ஸின் மாற்றாந்தாய்த் தம்பி, எலினோரின் மகன். அன்று அவரும் இறந்தார், ஜேம்ஸின் இளம் மகன் வில்லியமும் இறந்தார். சொத்து, உயிரோடு இருந்த மற்றத் தம்பி ஹ்யூவுக்குப் போயிற்று. அவர் கிளாஸ்கோ பேராலயத்துக் குருமன்ற உறுப்பினர், பிள்ளையில்லாதவர், ‘மந்தமான ஹ்யூ’ என்று பெயர் எடுத்தவர். ஆனால் குடும்பத்தின் பிற்காலத்தைத் தீர்மானித்தது அந்த மந்தமானவர் செய்த ஒரு காரியம்தான் என்பது என் எண்ணம். 1342 மே மாதம் அவர் நிலங்களை மன்னரிடம் ஒப்படைத்தார். மன்னர் அவற்றை ஒரு வாரிசு வரிசையோடு திரும்ப வழங்கினார்: முதலில் ஹாலிடனில் இறந்த ஆர்ச்சிபால்டின் மகன் வில்லியம். அவர் ஆண்வழி அற்றால் உறவினரான லிடஸ்டேல் பிரபு வில்லியம். அவர் வழியும் அற்றால், ‘சர் ஜேம்ஸின் மகன்’ ஆர்ச்சிபால்ட்.

இந்த இரண்டாவது ஆர்ச்சிபால்ட் ஜேம்ஸுக்குத் திருமணத்துக்குப் புறம்பே பிறந்தவர். தாயின் பெயர் பதிவாகவில்லை. ஜேம்ஸ் 1330 தொடக்கத்தில் நாட்டைவிட்டுப் போனார் என்பதால், இவர் பிறந்தது அவ்வாண்டின் இலையுதிர்காலத்துக்குப் பிந்தியதாக இருக்க முடியாது. 1400 கிறிஸ்துமஸை ஒட்டி இறந்தபோது எப்படியும் எழுபது வயதாகியிருக்கும். 1356-இல் பிரான்சின் புவாத்தியே போரில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டபோது பளபளக்கும் கவசத்தில் இருந்தார். கூடவே பிடிபட்ட வில்லியம் ராம்சே சமயோசிதமாக, ஏ திருட்டுப் பயலே, என் சொந்தக்காரனின் கவசத்தை மாட்டிக்கொண்டு வந்தாயா என்று அடித்து உதைக்க, வேலைக்காரன்தான் போலிருக்கிறது என்று நாற்பது ஷில்லிங்குக்கு விட்டுவிட்டார்களாம். பதினைந்தாம் நூற்றாண்டு ஏட்டுக் கதை. சுவைக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1369-இல் காலவே பகுதி இவருக்குக் கிடைத்தது. அங்கே திரீவ் என்ற ஆற்றுத்தீவில் இவர் கட்டிய கோபுரக்கோட்டை இன்றும் நிற்கிறது. சாசன வரிசையில் முதலில் வந்த வில்லியம் 1358-இல் ஏர்ல் என்ற உயர்பிரபுப் பட்டம் பெற்றார்; அவருடைய மகன் ஜேம்ஸ், 1388-இல் ஆட்டர்பர்ன் போரில் சட்டப்படியான மகன் இல்லாமல் இறந்தார். லிடஸ்டேல் பிரபு 1353-லேயே கொல்லப்பட்டிருந்தார். அவருக்கும் ஆண்வாரிசு இல்லை. போட்டிக்கு வந்தவர்களுக்கு எதிரே ஆர்ச்சிபால்ட் அந்த 1342 சாசனத்தை நீட்டினார். 1389-இல் நாடாளுமன்றம் ஏற்றது. மணவழிப் பிறக்காத மகன் டக்ளஸின் மூன்றாம் ஏர்ல் ஆனார், தந்தை இறந்து ஐம்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு.

எனவே நீங்கள் படித்த பக்கங்கள் எல்லாமே ஒரு வகையில் சரி. ஆனால் வேறுவேறு ஆள்களைப் பற்றிப் பேசுகின்றன. எந்த ஆர்ச்சிபால்ட் என்று தெரியாதபோது இறந்த ஆண்டைப் பாருங்கள். 1333 என்றால் ஜேம்ஸின் தம்பி. 1400 என்றால் மகன், ‘கடுமுக’ ஆர்ச்சிபால்ட். 1424 என்றால் பேரன். பிரான்சின் வெர்னாய் போரில் இறந்த நான்காம் ஏர்ல். தம்பிக்கும் பேரனுக்கும் ‘தோற்பவர்’ என்ற பொருள்படும் ஒரே பட்டப்பெயரைச் சில நூல்கள் கொடுத்திருப்பதால் அதை அடையாளமாகக் கொள்ள வேண்டாம். மகன் என்பதற்கு 1342 சாசனத்தைத் தவிர இன்னொரு சான்றையும் பார்பரே தருகிறார்: புனித பிரிஜித் ஆலயத்தில் ஜேம்ஸின் எலும்புகளுக்கு மேல் வெண்பளிங்கு போன்ற அலபாஸ்டர் கல்லில் கல்லறை எழுப்பியவர் ‘அவர் மகன் ஆர்ச்சிபால்ட்’ என்று எழுதுகிறார். அதை எழுதிய 1375-இல் ஆர்ச்சிபால்ட் இன்னும் ஏர்ல் ஆகவில்லை. டக்ளஸ் பள்ளத்தாக்கும் அவர் கையில் இல்லை.